செருப்புக்குக் காவல் ஆர்?

எந்தப் பூங்காச் சவாரியின் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்.

"இதிலை செருப்புக்குக் காவல் ஆர்?"

வேகம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, என்ன இயந்திரம் என்பவையெல்லாம் அவருக்குப் பிறகுதான். ஒரு குடும்பம் பூங்காவுக்கு வருகிறது. பிள்ளைகள் ஏறுகிறார்கள், தகப்பன் ஏறுகிறான், மச்சான்மார் ஏறுகிறார்கள். ஒருவர் மட்டும் வேலிக்கு வெளியே, பைகளையும் தண்ணீர்ப் போத்தலையும் எல்லோருடைய செருப்புகளையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார். "அந்த ஆள் எப்பவும் ஒரே ஆள்தான் சேர். வேணுமெண்டா உங்கட வீட்டிலை எண்ணிப் பாருங்கோ" என்று ஒருநாள் என்னிடமே சொன்னார். அப்போது நான் அதை மரியாதைக்குறைவாகவே எடுத்துக்கொண்டேன்.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் பூங்கா நிர்வாகக் குழுவின் குறிப்புப் புத்தகத்தில் அந்தப் பெயர் ஒரு பொய்யான வாக்கியத்துக்குள் கிடக்கிறது. அந்த வாக்கியத்தின் கீழே தலைவரென்ற முறையில் நான் இட்ட கையொப்பம் இருக்கிறது. அப்படிக் கையொப்பமிட்டவனுக்கு அவருடைய பெயரை எடுத்தாளும் உரிமை கிடையாது. "பழசைக் கிண்டாதேங்கோ, உங்கட பேர்தான் கெடும்" என்று அறிவுரை கூறும் நண்பர்கள் எனக்கு உண்டு. ஆசிரியனாகவும் அதிபராகவும் ஓர் ஆயுட்காலம் முழுவதும் நான் காத்துவந்த பெயர் அது. அதைக்கொண்டு என்ன செய்வது என்பதை நானே தீர்மானித்துக்கொள்வேன்.

மாங்குளத்தில், பிரதான வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளி, தகரக் கூரை போட்ட இரும்பு ஒட்டுப்பட்டறை ஒன்றை அவர் வைத்திருந்தார். வீட்டு வாசற்கதவுகள், லான்ட்மாஸ்ரர் என்னும் இருசக்கர உழவு இயந்திரத்துக்குப் பூட்டும் இழுவைப் பெட்டிகள், திருவிழாக் காலத்தில் தூக்குக்காவடிக்காக உழவு இயந்திரத்தில் ஏற்றும் இரும்புச் சட்டங்கள், இவைதாம் அவருடைய வேலை. காவடிச் சட்டம் செய்வதில் அவருக்கு நிகரானவர் அந்தப் பகுதியில் இருக்கவில்லை. முதுகில் முள் குத்தித் தொங்கிவரும் அடியாரை நமது வீதிப் பள்ளங்கள் உலுக்காதிருக்க, பழைய லொறியின் வில்தகடுகளைச் சட்டத்துக்கும் கயிற்றுக்கும் இடையில் வைத்து ஒட்டியிருப்பார். "உழவு மெசின் குலுங்கலாம், மனுசன் குலுங்கப்படாது" என்பார். பிறந்தது நாயாற்றில், தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போனவர்கள். வள்ளத்தில் பாரம் பார்த்து உட்காரும் பழக்கம் அவருடைய உடம்பிலேயே இருந்தது. ஒரு வாங்கில் மூவர் இருந்தால், நாலாவது ஆள் வருமுன்பே அவர் சற்று அரக்கி இடம் மாறிவிடுவார்.

வெளிநாட்டில் வாழும் எங்கள் கல்லூரியின் பழைய மாணவர்கள், குளக்கட்டுக்குக் கீழே கிடந்த தரிசு நிலத்தில் ஒரு குடும்பப் பூங்கா அமைக்க முன்வந்தார்கள். நான் தலைவர். செயலாளர், நெற்கமக்காரர் சங்கத்தில் பழகிய ஒரு சுறுசுறுப்பான மனிதர். மேசை நிறைய வெளிநாட்டுச் சவாரிகளின் படங்கள் பரப்பப்பட்டிருந்தன. தலைகீழாகச் சுழற்றும் வண்டிகளும் மலையிலிருந்து விழுவதுபோல் விழும் பெட்டிகளுமே அவற்றில் அதிகம். வாசற்கதவுக்கு அளவெடுக்க வந்த அவர், கையில் நாடாவுடன் மேசையருகில் நின்று படங்களைப் பார்த்தார். ஒரு படத்தில், இவ்வளவு உயரத்துக்குக் குறைந்தவர்கள் ஏற முடியாது என்று காட்டும் அளவுப் பலகை ஒன்று நின்றது.

"இந்தப் பலகை கட்டையான ஆளை மட்டும்தான் மறிக்குது. முழங்கால் நோகிற ஆளை, சேலை உடுத்த ஆளை, கைப்பிள்ளைக்காரியை மறிக்கிறதுக்குப் பலகையே தேவையில்லை. அவை தாங்களாவே நிண்டிடுவினம்" என்றார்.

செயலாளர் சிரித்தார். "அப்ப ஆச்சிமாரையும் தலைகீழாத் தொங்கவிடச் சொல்லுறியளோ தங்கச்சி?"

"தொங்கவிட எனக்குத் தெரியும் அண்ணை. ஆனா ஆச்சி ஆசைப்பட்டு வந்து தொங்கவேணும்."

அப்படித்தான் அவர் எங்கள் திட்டத்துக்குள் வந்தார். அழைத்ததாக எவருக்கும் நினைவில்லை. பட்டறைச் சுவரில் வெண்கட்டியால் வரைந்து வைப்பார்; நாங்கள் போய்ப் பார்க்கவேண்டும். தாளில் வரைந்து கொண்டுவரும்படி கேட்டேன். "தாளை மடிச்சு வைச்சா மறந்துபோம் சேர். சுவர் எண்டா நாள் முழுக்க முன்னுக்கு நிண்டு மறுத்துக் கதைக்கும்" என்றார்.

அந்தச் சுவரில் இருந்தவற்றில் சிலவற்றை இன்றும் என்னால் ஒப்பிக்க முடியும். பூங்காவின் சவாரி வாசலில் தொடங்கக்கூடாது. பஸ்ஸால் இறங்கும் இடத்திலேயே தொடங்கவேண்டும். ஆகவே, லான்ட்மாஸ்ரர் இழுக்கும் நாலு பெட்டிகள் கொண்ட ஒரு ரயில் வீதியிலிருந்து குளக்கட்டு வழியே ஆட்களை ஏற்றி வரும். வரிசையில் காத்திருப்போர் வெயிலில் கால்கடுக்க நிற்கக்கூடாது. வாங்குகளே தண்டவாளத்தில் மெல்ல மெல்ல நகர்ந்து அவர்களைச் சவாரிவரை கொண்டுபோகும். "வரிசையும் சவாரிதான்" என்று அதன்கீழ் எழுதியிருந்தார். வாய்க்காலில் தள்ளுவண்டியின் வேகத்துக்கு மேற்படாத தெப்பங்கள். தாய் பிள்ளையை மடியில் வைத்தபடியே ஆடக்கூடிய அகன்ற ஊஞ்சல். எல்லாவற்றிலும் இருக்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. "முன்னுக்குப் பாத்துக்கொண்டு போனா முதுகைத்தானே காணலாம். காசு குடுத்துக் காணுறதெண்டா முகத்தைக் காணவேணும்."

ரயில் பெட்டியின் படி எவ்வளவு உயரம் இருக்கவேண்டும் என்பதை அவர் எந்த நூலிலும் தேடவில்லை. ஒரு பிற்பகல் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் அந்நாளிலேயே பழுது. மனைவியைக் குசினி வாசலில் நிற்கச் செய்து, ஒரு பலகைமேல் இன்னொரு பலகையாக அடுக்கி ஏறச் சொன்னார். சேலைக்கரை கணுக்காலுக்கு மேலே உயரத் தொடங்கியதும், "காணும்" என்று ஒரு பலகையை எடுத்துவிட்டு அளந்துகொண்டார்.

"அம்மா பஸ்ஸிலை ஏறேக்கை என்ன செய்யிறவா?" என்று கேட்டார்.

"ஏறுறேல்லைப் பிள்ளை. இவர் போட்டு வந்து சொல்லுவார், நான் கேப்பன்" என்றார் என் மனைவி.

இருவரும் சிரித்தார்கள். நான் விறாந்தையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் ஒப்புக்கொண்டவை இரண்டு. ஒன்று அந்த ரயில். விருந்தினருக்கென்று தனியாக ஒரு மெத்தை வண்டி இறக்கவேண்டும் என்றார் செயலாளர். "ஒரு ரயில்தான் அண்ணை. அதிலை வராட்டி விருந்தாளி இல்லை, பாக்க வந்தவர்" என்று அவர் முடித்துவிட்டார். மற்றது, இந்தக் கதைக்குக் காரணமான பெரிய சவாரி.

அதை இவ்வாறு கற்பனை செய்துகொள்ளுங்கள். நடுவில் ஓர் இரும்புத் தூண். அதன் தலையில், தராசுக்கோல் போல இருபுறமும் நீண்ட ஒரு தண்டு. தண்டின் ஒவ்வொரு நுனியிலும், வில்தகடுகளில் தொங்கும் ஒரு வள்ளம்; வள்ளமொன்றில் எட்டுப் பேர் எதிரெதிராக இருக்கலாம். இயந்திரம் தண்டை மெதுவாகச் சுற்றும். சுற்றும்போதே ஒரு வள்ளம் எழும், மற்றது தாழும். மேலே போகிறவர் குளத்தைக் காண்பார். கீழே வருகிறவர் மேலே போகிறவரின் சிரிப்பைக் காண்பார். இரு வள்ளங்களிலும் பாரம் ஏறக்குறையச் சமமாக இருக்கவேண்டும் என்பதொன்றே நிபந்தனை. பாரம் சரிந்தால் தண்டை அந்த இடத்திலேயே கவ்விப் பிடித்துக்கொள்ள ஒரு கொக்கியையும் தூணில் பொருத்தியிருந்தார்.

நான் அதை நெல்மூட்டைகளைக் கொண்டு பரிசோதிக்கப் பணித்தேன். மூட்டைகளை வள்ளங்களுக்குள் இறுக்கிக் கட்டிச் சுற்றினோம், குறையேதும் தெரியவில்லை. அவர் மட்டும் திருப்தியடையவில்லை.

"நெல்மூட்டை பயப்பிடாது சேர். சிரிக்காது. சரியுதெண்டு கண்டு அரக்கி இருக்காது. வள்ளத்தை நேராப் பிடிக்கிறது பாரம் இல்லை, ஆக்கள். ஆக்களை ஏத்திப் பாக்கவேணும்."

"முதலில் ஏறவேண்டியவர்கள் விருந்தினர்கள். அதற்கு முன்பு எவரும் ஏறுவது முறையல்ல" என்றேன்.

முறை. அந்தச் சொல்லை நான் வாழ்நாள் முழுதும் ஓர் அளவுகோல்போல் கையில் வைத்திருந்தேன்.

திறப்பு விழாவன்று காலை மங்கல விளக்கேற்றி, பொங்கிப் படைத்து, தேங்காய் உடைத்தோம். சவாரிக்குப் பூசை செய்திருந்தபடியால் விருந்தினர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்கள். பிரதம விருந்தினர், ஏனைய பிரமுகர்கள், நான். மாலைகளோடும் சால்வைகளோடும் எட்டுப் பேர் ஒரே வள்ளத்தில் அமர்ந்தோம். மற்ற வள்ளம் வெறுமையாக நின்றது. அதில் யாரை ஏற்றுவது என்று செயலாளர் கேட்டபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் வள்ளம் தாழும்போது அது எங்களுக்கு மேலே எழும். பிரதம விருந்தினரின் தலைக்கு மேலே எவரோ காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பதா?

"மூட்டைகளை ஏற்றுங்கள்" என்றேன்.

எட்டுப் பேருக்குச் சரியாக மூட்டைகள் ஏற்றப்பட்டன. அவசரத்தில் எவரும் கட்டவில்லை. அவர் அங்கே இருக்கவில்லை. வீதியில் காத்திருந்த கடைசிக் கூட்டத்தை ஏற்றிவர ரயிலை ஓட்டிக்கொண்டு போயிருந்தார். இயந்திரத்தை இயக்கியவர் செயலாளர்.

இரண்டு சுற்று அழகாகப் போயிற்று. மேளமும் நாயனமும் முழங்கின. மூன்றாவது சுற்றில் மூட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சறுக்கி, வள்ளத்தின் ஒரு மூலைக்குப் போய்ச் சேர்ந்தன. "டங்" என்றொரு சத்தம். கொக்கி கவ்விக்கொண்டது. மூட்டை வள்ளம் தரைக்கருகில் சாய்ந்து நின்றது. நாங்கள் எட்டுப் பேரும், மாலைகளோடு, பனைமரத்து அரைவாசி உயரத்தில் நின்றோம்.

குளக்கட்டில் ரயில் வரும் ஒலி கேட்டது. அவர் இறங்கி ஓடிவந்தார். வள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஆக்களை ஏத்தச் சொன்னனான். நெல்லுக் குத்தவோ சேர் கொண்டுபோறியள்?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. கொக்கியைச் சோதித்துவிட்டு, உரத்த குரலில், அமைதியாகச் சொன்னார்: "ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ. அது பிடிச்சபிடி விடாது. மூட்டையை இறக்கிப்போட்டு இஞ்சை எட்டுப் பேர் ஏறி நேரா இருந்தாக் காணும். கொக்கியை எடுத்துவிடுறன், நீங்கள் பூப்போல இறங்குவியள்."

மூட்டைகள் இறக்கப்பட்டன. ஆனால் ஏற எவரும் முன்வரவில்லை. தேநீர் பரிமாறிய பெண்களும் நிலம் கூட்டிய பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்றார்கள். விருந்தினர்கள் இறங்கும்போது தாங்கள் மேலே போகவேண்டியிருக்கும் என்பது அவர்களுக்கும் விளங்கியிருந்தது. அப்போது அவர் வேலிப் பக்கம் திரும்பினார். அங்கே என் மனைவி நின்றுகொண்டிருந்தார். காலடியில் எட்டுச் சோடிச் செருப்புகள். கையில் என் கண்ணாடிக் கூடு.

"அம்மா, நீங்கள் ஏறுங்கோ. நீங்கள் ஏறினா இவையும் ஏறுவினம்."

என் மனைவி வந்தார். வள்ளத்தின் படியும் ரயிலின் படியைப்போல அவருடைய முழங்காலுக்கு அளந்த உயரத்தில் செய்யப்பட்டதுதான். ஒரு காலை எடுத்து வைத்தார். வைத்துவிட்டு, வழக்கப்படி, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

நான் தலையசைத்தேன். வேண்டாம் என்று.

காலை எடுத்துக்கொண்டு அவர் வேலியருகே திரும்பிப் போனார். தேநீர்ப் பெண்களும் பின்வாங்கினார்கள். நெடுநேரம் கழித்து, தென்னந்தோட்டம் ஒன்றிலிருந்து ஏணி கொண்டுவரப்பட்டது. பிரதம விருந்தினர் ஒரு கையால் வேட்டியையும் மறு கையால் ஏணியையும் பற்றியபடி, நூற்றுக்கணக்கானோர் அண்ணாந்து பார்த்திருக்க, படிப்படியாக இறங்கினார்.

மறுநாள் கூடிய குழு, "ஒட்டு வேலையில் ஏற்பட்ட குறைபாட்டினால்" சவாரி பழுதடைந்தது என்று அவருடைய பெயரைச் சுட்டி எழுதியது. சவாரிக்குச் சங்கிலி போட்டுப் பூட்டத் தீர்மானித்தது. நான் வாசித்துக் காட்டிக் கையொப்பமிட்டேன்.

அவர் கூட்டத்துக்குள் கேளாமலே நுழைந்தார். "ஒட்டு விட்டதெண்டா விட்ட ஒட்டைக் காட்டுங்கோ. வாங்கோ, இப்பவே போய்ப் பாப்பம்" என்றார். எவரும் எழும்பவில்லை. "நிண்டது பிழையெண்டு எழுதியிருக்கிறியள். அது நிண்டபடியாத்தான் இதிலை எல்லாரும் இருந்து எழுதுறியள்."

செயலாளர் கதிரையைக் காட்டி, "இருங்கோ தங்கச்சி, ஆறுதலாக் கதைப்பம்" என்றார்.

"நான் நிண்டே கதைச்சுப் பழகினனான் அண்ணை."

வெளியேறும்போது என்னை முற்றத்துக்கு அழைத்தார். நான் போனேன், ஏன் போனேன் என்று இன்றும் தெரியவில்லை.

"உங்கட தலை ஆடினதைக் கண்டனான் சேர்" என்றார். "ஒரு நிமிசத்திலை முடிஞ்சிருக்கும். உள்ளுக்கு நான் அதைச் சொல்லேல்லை. நீங்கள் சொல்லுவியள். நான் காத்திருப்பன்."

கோபத்தோடு சொல்லியிருந்தால் பதிலளித்திருப்பேன். பேருந்துக்குக் காத்திருப்பவர்போல இயல்பாகச் சொன்னார்.

அவர் காத்திருந்த விதமே வேறு. ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை, சைக்கிளில் கிறீஸ் தகரத்தைக் கட்டிக்கொண்டு பூங்காவுக்கு வருவார். சங்கிலி போட்ட சவாரியின் மேலேறி, தண்டு, கொக்கி, வில்தகடு ஒவ்வொன்றுக்கும் கிறீஸ் பூசுவார். துருப்பிடித்த இடத்தைச் சுரண்டி வர்ணம் அடிப்பார். தடுக்கச் சொல்லிக் காவலாளிக்குக் கட்டளை போயிற்று. காவலாளி என்னிடம் வந்து, "சேர், அவா சொல்லுறா, 'பூட்டினது நீங்கள், அது உங்கட விருப்பம். கறள் பிடிக்க விடுறதோ விடாததோ என்ர விருப்பம்' எண்டு. நான் என்ன செய்ய?" என்றார். அவரைத் திரும்ப வாசலுக்கு அனுப்பிவைத்தேன். ஆண்டுகள் போயின. அந்த ரயில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மாதமொருமுறை, அலுவலகச் சன்னலுக்கூடாக, தூணின் உச்சியில் அவருடைய முதுகைக் கண்டுவந்தேன். அவர் ஒருபோதும் சன்னல் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

சென்ற மாரிக்குப் பிறகு ஒரு முதல் வெள்ளி அவர் வரவில்லை. நெஞ்சில் சளி கட்டி, மூன்று நாள் படுக்கையில் இருந்து, போய்விட்டார். மரணவீட்டில் பட்டறைச் சுவரைப் பார்த்தேன். வெண்கட்டிக் கோடுகள் அப்படியே இருந்தன. பெரிய சவாரியின் படத்தில் ஒரு வள்ளத்துக்குள் சிறு புள்ளியொன்று குறிக்கப்பட்டு, "அம்மா" என்று எழுதியிருந்தது.

இவ்வாண்டு குழு கூடியது. பூட்டிக்கிடக்கும் சவாரியைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டு, வெளிநாட்டுச் சவாரி ஒன்றை இறக்குவது என்பது பிரேரணை. ஆதாரமாகச் செயலாளர் எடுத்து வாசித்தது, நான் கையொப்பமிட்ட அந்தக் குறிப்பைத்தான்.

நான் எழுந்தேன். "அந்த வாக்கியம் பொய். மூட்டையை ஏற்றச் சொன்னவன் நான். ஆட்கள் ஏறி எங்களை இறக்கவிருந்தபோது தலையசைத்துத் தடுத்தவனும் நான்" என்றேன்.

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "சேர், ஆருக்கும் தெரியாத விசயம். இனி ஏன்? உங்கட பேருக்குத்தானே இழுக்கு."

"தெரிந்த ஒருவர் இருந்தார். அவர் போய்விட்டார். ஆகவேதான் இப்போது நான் சொல்லவேண்டியிருக்கிறது."

"பழைய குறிப்பை மாத்தேலாது சேர்."

"மாற்றவேண்டாம். அது அப்படியே கிடக்கட்டும். அதன்கீழே எழுதும்: ஒட்டில் குறையில்லை, தலைவர் தலையசைத்தார். கீழே நான் கையொப்பமிடுகிறேன். எழுத மறுப்பீரானால் ஊர்ப் பத்திரிகையில் நானே எழுதுவேன்."

எழுதினார். இருந்தும், நான் இங்கேயும் எழுதுகிறேன். குறிப்புப் புத்தகத்தை எத்தனை பேர் திறந்து பார்க்கப்போகிறார்கள்?

பரிசோதிக்க வந்த பொறியியலாளர் ஒட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். வெடிப்பு எங்கும் இல்லை. இத்தனை மழை நனைந்த இரும்பில் துருவும் இல்லை. "ஆர் இதைப் பராமரிச்சது?" என்று கேட்டார். சங்கிலியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவரே பராமரித்தார் என்று சொன்னேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை சங்கிலி அறுக்கப்பட்டது. விளக்கில்லை, மாலையில்லை, விருந்தினர் பட்டியலும் இல்லை. அவருடைய பட்டறையை இப்போது நடத்தும் பெண் இயந்திரத்தருகே நின்றார். நானும் என் மனைவியும் அந்த ரயிலிலேயே போய் இறங்கினோம். மனைவி நேரே வள்ளத்தருகே சென்று, காலைத் தூக்கிப் படியில் வைத்தார். இம்முறை என்னைப் பார்க்கவில்லை.

"ஒரு காலை அண்டைக்கே வைச்சுப்போட்டன். மற்றக் காலுக்குத்தான் இவ்வளவு வருசம்" என்றார், எவரையும் நோக்காமல்.

அவருக்குப் பின்னால் தேநீர்க் கடைப் பெண்களும் பளையிலிருந்து வந்த ஒரு குடும்பமும் ஏறினார்கள். நானும் அதே வள்ளத்தில் கால்வைக்கப் போனேன்.

"சேர்!" என்று பட்டறைப் பெண் கத்தினார். "எல்லாரும் ஒரு பக்கம் ஏறினா என்னெண்டு? நீங்கள் அங்காலை போங்கோ. அங்கை பாரம் காணாது."

நான் போனேன். எனக்கெதிரில் கைக்குழந்தையுடன் ஒரு பெண்ணும், அருகில் பூங்காவின் காவலாளியும் இருந்தார்கள். காவலாளி என்னைக் கண்டு எழும்பப் பார்த்தார். "இரும், பாரம் மாறிவிடும்" என்றேன். தண்டு அசைந்தது. எங்கள் வள்ளம் தாழ, எதிர் வள்ளம் எழுந்தது. என் மனைவி எனக்கு மேலே, மேலும் மேலே போனார். அவருடைய பாதங்கள் என் தலைக்கு மேலாகக் கடந்தன. குளம் தெரிந்திருக்கவேண்டும். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கீழே, வேலிக்கு வெளியே, எங்கள் எல்லோருடைய செருப்புகளும் கலந்து கிடந்தன. காவலுக்கு ஒருவரும் இல்லை.